கோழி இல்லாத கோழி வறுவல்

டெக்சாஸ் மாநிலத்தின் சிற்றூர் ஓட்டல்களில் 'சிக்கன் ஃப்ரைடு ஸ்டேக்' என்று ஒரு பண்டம் தவறாமல் இருக்கும். பெயரைப் பார்த்துக் கோழி என்று நினைத்துக் கேட்பவர்கள் ஏமாந்து போவார்கள். அதில் கோழி கிடையாது, முழுக்க மாட்டுக்கறி. மாட்டின் பின்தொடைக் கறியைத் தட்டித் தட்டி மெல்லிசாக்கி, மைதாவில் புரட்டி, முட்டையும் பாலும் அடித்த கலவையில் முக்கி, மறுபடி மைதாவில் புரட்டி எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். பிறகு அதே சட்டியில் மிஞ்சிய எண்ணெயில் மாவும் பாலும் சேர்த்து வெள்ளை நிறத்தில் ஒரு கிரேவி செய்து மேலே ஊற்றிக் கொடுப்பார்கள். தட்டின் விளிம்பைத் தொடும் அளவுக்கு இருக்கும். கூடவே மசித்த உருளைக்கிழங்கு. கோழியைப் பொரிக்கிற முறையில் பொரித்த மாட்டுக்கறி என்பதுதான் பெயரின் பொருள்.

மகன் சான் அன்டோனியோவில் இருப்பதால் வருடத்தில் ஐந்து மாதம் எனக்கும் மனைவிக்கும் ஜாகை இங்கேதான். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டு ஆறரை மணிக்கு வீடு திரும்புவார்கள். செவ்வாய், வியாழன் இரவுச் சமையல் என் பொறுப்பு. அரை மணி நேரத்தில் முடிகிற சமையல் என்பதால் இந்த வறுவல் என் கைக்கு வந்துவிட்டது. நான் கால்நடை பராமரிப்புத் துறையில் 34 ஆண்டுகள் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே மாட்டைப் பற்றி எழுத எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு. சமையலைவிட அந்தப் பண்டத்தின் வரலாறுதான் என்னை இழுத்துக்கொண்டு போயிற்று.

ஒரு கமாவின் கதை

இழுத்து விட்டவன் என் பேரன். ஒன்பது வயது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், "தாத்தா, இதை ஒருத்தர் தப்பாப் பண்ணிக் கண்டுபிடிச்சார், உங்களுக்குத் தெரியுமா?" என்றான். அவன் சொன்ன கதை இதுதான். 1911-இல் மேற்கு டெக்சாஸில் லமீசா என்ற ஊரில் ஒரு சிறிய ஓட்டல். பரிமாறும் பெண் இரண்டு ஆர்டர்களைச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்புகிறாள்: சிக்கன், ஃப்ரைடு ஸ்டேக். நடுவில் இருந்த கமாவைச் சமையல்காரர் ஜிம்மி டான் பெர்கின்ஸ் கவனிக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகப் படித்துவிட்டு, ஸ்டேக்கைக் கோழி மாதிரி மாவில் தோய்த்துப் பொரித்துவிட்டார். பண்டம் பிறந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஊர், வருடம், ஆள் பெயர் எல்லாம் இருக்கின்றன. லமீசா ஊர்க்காரர்கள் இந்தப் பண்டத்துக்கு ஆண்டுதோறும் திருவிழாவே நடத்துகிறார்கள். ஆனால் கதை கற்பனை. அப்படி ஒரு ஜிம்மி டான் பெர்கின்ஸ் இருந்ததே இல்லை. யாரோ வேடிக்கைக்கு எழுதியது அச்சாகி, அச்சானது மேற்கோளாகி, மேற்கோள் வரலாறாகிவிட்டது.

நமக்கு இது புதிதல்ல. 'சிக்கன் 65' என்ற பெயர் எப்படி வந்தது என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்துக் கதை சொல்வார்கள். 65 நாள் வளர்ந்த கோழி, 65 மிளகாய், ராணுவ கேண்டீனில் 65-ஆவது அயிட்டம் என்று போகும். சென்னை புகாரி ஓட்டலார் தாங்கள் 1965-இல் அறிமுகப்படுத்தியதால் அந்தப் பெயர் என்கிறார்கள். ஆண்டுக் கணக்கு எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனாலும் 65 மிளகாய்க் கதைக்கு இருக்கிற ருசி அதற்கு இல்லை என்பதால் மிளகாய்க் கதை சாகாமல் இருக்கிறது.

காகிதத்தில் இருக்கும் சான்று என்ன சொல்கிறது? ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இந்தப் பெயருக்குக் காட்டும் மிகப் பழைய அச்சுச் சான்று, 1914 ஜூன் 19-ஆம் தேதி கொலராடோ ஸ்பிரிங்ஸ் கெஜட் என்ற பத்திரிகையில் வந்த ஓர் ஓட்டல் விளம்பரம். டெக்சாஸே அல்ல, வேறு மாநிலம்! பெயருக்குத்தான் இந்த வயது. பண்டம் இன்னும் பழையது. மேரி ராண்டால்ஃப் என்ற பெண்மணி 1824-இல் வெளியிட்ட 'வர்ஜீனியா ஹவுஸ்-வைஃப்' என்ற சமையல் புத்தகத்தில் கன்றுக்கறித் துண்டுகளைப் பொரிக்கும் குறிப்பு ஒன்று இருக்கிறது. இன்றைய வறுவலுக்கு மூதாதை என்று உணவு வரலாறு எழுதுகிறவர்கள் அதைக் காட்டுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இதுபோன்ற குறிப்புகள் பல வட்டாரச் சமையல் புத்தகங்களில் ஏறிவிட்டன. ஆக, 1911-இல் யாரும் கமாவைத் தவறவிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஜெர்மானியர் கொண்டுவந்தது

கமா கதையை விட்டால் அடுத்து எல்லோரும் சொல்வது ஜெர்மானியர் கதை. இதில் சாரம் உண்டு. 1842-இல் ஜெர்மன் பிரபுக்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, டெக்சாஸில் ஜெர்மானியர்களைக் குடியேற்றத் திட்டம் போட்டார்கள். 1845-இல் நியூ பிரான்ஃபெல்ஸ், 1846-இல் ஃபிரெடரிக்ஸ்பர்க் என்ற ஊர்கள் உருவாயின. கடற்கரையில் வந்திறங்கியவர்களை உள்நாட்டுக்கு ஏற்றிச் செல்ல வண்டி கிடைக்கவில்லை. 1846-இல் மெக்சிகோ போர் மூண்டதால் இருந்த வண்டிகளெல்லாம் படைக்குப் போய்விட்டன. கூடாரங்களில் காத்திருந்தே நூற்றுக்கணக்கானோர் நோயில் மாண்டார்கள். பிழைத்தவர்கள் ஊர்களை எழுப்பினார்கள்.

அவர்கள் ஊரில் 'ஷ்னிட்சல்' என்ற பண்டம் உண்டு. இளங்கன்றின் கறியைத் தட்டி மெல்லிசாக்கி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பது. இங்கே இளங்கன்று கிடைக்காததால் முற்றல் மாட்டில் அதையே செய்தார்கள், அதுவே இந்த வறுவல் என்பது கதை. டெக்சாஸுக்குள்ளேயே செய்முறை மூன்று விதம் என்பார்கள். கிழக்கே முட்டையில் முக்கி மாவில் புரட்டுவார்கள். ஜெர்மானியர் நிறைந்த நடுப்பகுதியில் ரொட்டித்தூள். மேற்கே முட்டையே இல்லாமல் வெறும் மாவு. நடுப்பகுதி வகைக்கு ஷ்னிட்சல் தாய் என்று ஒப்புக்கொள்ளலாம். மற்ற இரண்டுக்கும் அது பொருந்தவில்லை.

என்னைக் கேட்டால் ஜெர்மானியரின் பங்கு ஷ்னிட்சலைவிட மாவில் உறுதியாகத் தெரிகிறது. கார்ல் ஹில்மர் குந்தர் என்ற ஜெர்மானியர் 1851-இல் ஃபிரெடரிக்ஸ்பர்க் அருகே ஓடைத் தண்ணீரில் ஓடும் மாவு மில் ஒன்றை அமைத்தார். 1859-இல் சான் அன்டோனியோவுக்கு வந்து ஆற்றங்கரையில் மில் வைத்தார். அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. அவர் வாழ்ந்த வீடு இப்போது உணவகமாக இருக்கிறது, நாங்கள் போயிருக்கிறோம். மில்லின் 'பயோனியர்' பெயரில் மாவு மட்டுமல்ல, இந்த வெள்ளைக் கிரேவிக்கான பொடியே பாக்கெட்டில் விற்கிறார்கள். கோதுமை மாவு கைக்கெட்டும் விலையில் கிடைக்காத இடத்தில் மாவில் புரட்டிய கறியும் வராது, மாவு கிரேவியும் வராது.

பெயரிலேயே இருக்கும் சாட்சி

இன்னொரு சாட்சி பண்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. 'கோழி போலப் பொரித்தது' என்றால், கோழி பொரிக்கும் முறை ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாவில் புரட்டி நிறைய கொழுப்பில் கோழி பொரிப்பது அமெரிக்கத் தென் மாநிலங்களின் கைவேலை. அந்தத் தென் மாநிலச் சமையலறைகளில் அடுப்பருகே நின்றவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்கள். மேரி ராண்டால்ஃபின் வீட்டிலும் அடிமைகள்தான் வேலை செய்தார்கள். புத்தகத்தின் அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று ஒரு சிட்டிகை மாவைப் போட்டுப் பார்த்தவள் பெயர் எங்கும் இல்லை.

கமா கதை எனக்கு உறுத்துவது இதனால்தான். அது வெறும் வேடிக்கையாக நின்றிருந்தால் பரவாயில்லை. இரண்டு மூன்று தலைமுறைப் பெண்கள் கஷ்டப்பட்டுத் தேறிய கைப்பக்குவத்தை, இல்லாத ஒரு ஆண் சமையல்காரரின் கவனக்குறைவுக்கு எழுதி வைத்துவிடுகிறது. பேரனுக்கு இதைச் சொன்னேன். "அப்போ யார்தான் கண்டுபிடிச்சது?" என்று கேட்டான். "நிறைய பாட்டிகள்" என்றேன். அவனுக்கு அந்தப் பதில் திருப்தியாக இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு பெயர் வேண்டும்.

கறி ஏன் கடினமாக இருந்தது?

இனி என் துறைக்கு வருகிறேன். எந்த நாட்டிலும் கறியைத் தட்டுகிறார்கள் என்றால் கறி கடினம் என்று பொருள். டெக்சாஸில் அது ஏன் கடினமாக இருந்தது?

ஸ்பானியர்கள் 1493-இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்திலேயே கரீபியத் தீவுகளுக்கு மாடு கொண்டுவந்தார்கள். அங்கிருந்து மெக்சிகோ, மெக்சிகோவிலிருந்து டெக்சாஸ். திறந்த வெளியில் பாதிக் காட்டு மாடாகத் திரிந்து உருவான இனம்தான் 'லாங்ஹார்ன்'. பெயருக்கேற்ற நீளக் கொம்பு. வறட்சி தாங்கும், முள்ளைத் தின்னும், எத்தனை மைலும் நடக்கும். 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தபோது ஆண்கள் போருக்குப் போனார்கள். மாடுகள் கேட்பாரற்றுப் பெருகின. போர் முடிந்தபோது டெக்சாஸில் ஒரு மாட்டின் விலை 4 டாலர். வடக்கே அதே மாடு 40 டாலர். இடையில் ரயில் இல்லை. 1867-இல் கான்சாஸ் மாநிலம் அபிலீன் ஊரில் ரயிலடியோடு சேர்த்து மாட்டுத் தொழுவங்கள் அமைத்தார் ஜோசப் மெக்காய். டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகள் சிஷோம் தடம் வழியே பல நூறு மைல் நடந்தே போயின.

மந்தை ஓட்டிய 'கௌபாய்'களில் மெக்சிகோ மாட்டிடையர்கள் பலர். நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று மதிப்பிடுகிறார்கள். சினிமாவில் அவர்களைக் காண்பது அரிது. அவர்களுக்குச் சமைக்க 1866-இல் சார்லஸ் குட்நைட் என்ற பண்ணையார் பழைய ராணுவ வண்டியொன்றைச் சமையலறையாக மாற்றினார். பின்பக்கத்தில் அஞ்சறைப் பெட்டி மாதிரி அறைகள். மாவு, உப்பு, காபி, மொச்சை எல்லாம் அதில்.

இப்படி நடந்து நடந்து வளர்ந்த மாட்டின் தொடைக்கறி எப்படி இருக்கும்? வேலை செய்யும் தசையில் நார் தடிக்கும், நார்களைக் கட்டி வைக்கும் 'கொலாஜன்' என்ற இணைப்புப் புரதம் மிகும். மாட்டின் வயது கூடக் கூட அந்தக் கொலாஜன் பிணைந்து இறுகும். அதை இளக்க இரண்டே வழிதான். ஒன்று, மெல்லிய தீயில் மணிக்கணக்கில் வேகவைப்பது. அப்போது கொலாஜன் கரைந்து பசையாகும். இன்னொன்று, அடித்து நாரை அறுப்பது. நேரம் இருப்பவன் வேகவைப்பான். பசியோடு ஆட்கள் காத்திருந்தால் அடிப்பான்.

நம் ஊரிலும் மாட்டுக்கறி கடினம். காரணம் வேறு. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி, பத்து வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் லாயக்கற்றுப் போன மாட்டையோ, காயத்தாலும் தீரா நோயாலும் நிரந்தரமாக முடங்கிய மாட்டையோதான் அறுக்கலாம். அதற்கும் சான்று வேண்டும். பல்லைப் பார்த்து வயது கணிப்பது எங்களுக்குப் பாலபாடம். பத்து வருடம் ஏர் இழுத்த எருதின் தொடை என்ன பக்குவத்தில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவேதான் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து வீடுகளில் மாட்டுக்கறி என்றால் முதலில் குக்கரில் ஏழெட்டு விசில், அப்புறம்தான் சட்டியில் வறுவல். டெக்சாஸ்காரன் சுத்தியலை எடுத்தான், நாம் குக்கரை எடுத்தோம். அங்கே கறியைக் கடினமாக்கியது நடை. இங்கே சட்டமும் ஏரும்.

ஓங்கோலிலிருந்து ஒரு வரவு

லாங்ஹார்ன் கதை அதிக காலம் ஓடவில்லை. 1874-இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். திறந்தவெளி மேய்ச்சல் அடைபட்டது. ரயிலும் குளிரூட்டிய சரக்குப் பெட்டியும் வந்தன. கொழுத்த சீமை மாடுகள் லாங்ஹார்ன் இடத்தைப் பிடித்தன. கடைசியில் இனமே அழியும் நிலை வந்து, 1927-இல் அரசாங்கம் ஓக்லஹோமாவில் ஒரு சரணாலயத்தில் சிறு மந்தையை வைத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

சீமை மாடுகளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. 'டெக்சாஸ் காய்ச்சல்' என்ற நோய். லாங்ஹார்ன் மாடு பார்க்க ஆரோக்கியமாக இருக்கும். அது மேய்ந்த நிலத்தில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் சாகும். காரணம் புரியாமல் டெக்சாஸ் மந்தைகளைத் துப்பாக்கியோடு தடுத்தார்கள். தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் இருவரும் 1893-இல் விடையை வெளியிட்டார்கள்: உண்ணிதான் நோயைப் பரப்புகிறது. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டது 1897-இல். அதற்கு நான்கு வருடம் முந்தியது இந்த மாட்டு ஆராய்ச்சி. கால்நடை மருத்துவர்களான நாங்கள் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சங்கதி இது.

உண்ணியையும் வெயிலையும் தாங்கும் மாடு எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். இந்தியாவில் இருந்தது. 1906 வாக்கில் டெக்சாஸ் பியர்ஸ் பண்ணையின் போர்டன் என்பவர் இந்தியாவிலிருந்து மாடுகளைத் தருவித்தார். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் உதவியும் இருந்தது. 30 காளைகளும் 3 பசுக்களும் டெக்சாஸ் சேர்ந்தன. இப்படி வந்த இந்திய இனங்களின் கலப்பில் உருவானதுதான் இன்றைய 'அமெரிக்கன் பிராமன்'. கிர், குஜராத், கிருஷ்ணா பள்ளத்தாக்கு இனங்களோடு நெல்லூர் மாடும் அதில் கலந்திருக்கிறது. நெல்லூர் மாடு என்று அவர்கள் சொல்வது நம் ஓங்கோல் மாடுதான். அந்தப் பகுதி அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1924-இல் சங்கம் அமைத்தபோது 'பிராமன்' என்று பெயர் சூட்டினார்கள். இறைச்சிக்கு வளர்க்கும் மாட்டுக்கு இந்தப் பெயரா என்று முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

சான் அன்டோனியோவில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைக் கண்காட்சி நடக்கும். அங்கே ஒரு பிராமன் காளையைப் பார்த்தேன். அந்தத் திமில், தொங்கும் அலைதாடி, நீண்ட காது. கைவைத்துத் தடவியபோது, பதவி முழுவதும் தடவிய தோல்தான் என்று கைக்குத் தெரிந்தது.

கிரேவியில் உள்ள பால்

கிரேவிக்குப் பால் வேண்டும். ஆயிரம் மாடுகளை ஓட்டிச் சென்றவர்களுக்குப் பால் கிடைக்காது என்பது விசித்திரம். காட்டு மாடு கறக்க நிற்காது. கறந்தாலும் அந்த வெயிலில் நிற்காது. இதற்கு விடை கண்டவரும் டெக்சாஸில் பல காலம் வாழ்ந்தவர்தான். கெயில் போர்டன், பத்திரிகை நடத்தியவர், கால்வெஸ்டன் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர். முதலில் மாட்டுக்கறிச் சாறையும் மாவையும் சேர்த்துக் கெட்டுப்போகாத 'கறி பிஸ்கட்' செய்தார். 1851 லண்டன் பொருட்காட்சியில் அதற்குப் பதக்கம் கிடைத்தது, வியாபாரம் படுத்துவிட்டது. அதன் பின் பாலைச் சுண்டவைத்து டப்பாவில் அடைக்கும் முறைக்கு 1856-இல் காப்புரிமை பெற்றார். நம் வீடுகளில் பாயசத்துக்கு ஊற்றும் கண்டென்ஸ்டு மில்க்கின் மூதாதை அது. டப்பாப் பால் பரவிய பிறகு பண்ணைகளிலும் ஓட்டல்களிலும் பாலுக்குப் பஞ்சமில்லை. 1943-இல் வந்த ஒரு சமையல் புத்தகத்தில் இந்த வறுவலோடு உப்பும் மிளகும் போட்ட வெள்ளைக் கிரேவி சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது.

மேற்கு டெக்சாஸில் போர்டன் பெயரில் ஒரு மாவட்டம், அதன் தலைநகருக்கு கெயில் என்றே பெயர். கமா கதை சொல்லும் லமீசா இருப்பது அடுத்த மாவட்டத்தில். கதைக்கு ஆள் வேண்டுமென்றால் பக்கத்திலேயே உண்மையான ஆள் இருந்திருக்கிறார்!

இங்கே பெருமை, அங்கே கறுப்புப் பை

ஏழைகளின் முற்றல் கறியாக இருந்த இந்தப் பண்டத்துக்கு இன்று அரசு மரியாதை. ஓக்லஹோமா மாநிலம் 1988-இல் அதிகாரபூர்வ மாநில உணவு என்று ஒரு பட்டியல் அறிவித்தது. அதில் இந்த வறுவல் இருக்கிறது. கூடவே பொரித்த வெண்டைக்காயும் தட்டைப்பயறும் இருக்கின்றன. இரண்டும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் காலத்தில் அமெரிக்கா வந்தவை. டெக்சாஸ் சட்டமன்றம் 2011-இல் அக்டோபர் 26-ஐ இந்த வறுவலுக்கான நாளாகத் தீர்மானம் போட்டது.

இதைப் படித்தபோது மனம் ஊருக்குத்தான் போயிற்று. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி உண்டு. என் தாயார் மிளகும் சோம்பும் அரைத்துப் போட்டு வறுத்தால் தெருமுனைக்கு மணக்கும். ஆனால் பேச்சில் 'மாட்டுக்கறி' என்று சொல்ல மாட்டோம்; 'பெரிய கறி' என்போம். கடைக்காரர் கேட்காமலேயே கறுப்பு கேரி பேக்கில் போட்டுக் கொடுப்பார். வேலையில் சேர்ந்து வாடகைக்கு வீடு பார்த்த ஓர் ஊரில், வீட்டுக்காரர் "கோழி, ஆடு சமைச்சுக்கங்க சார், ஆட்சேபணை இல்லை. அது மட்டும் வேண்டாம்" என்றார். 'அது' என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வாரமே அவர் வீட்டுப் பசுவுக்குக் கன்று தலைகீழாகத் திரும்பி நின்றது. இரவு இரண்டு மணிக்கு நான்தான் கையை விட்டுத் திருப்பி எடுத்தேன். தாயும் கன்றும் பிழைத்தன. மறுநாள் சொம்பு நிறையச் சீம்பால் வந்தது. அந்த வீட்டில் இருந்த மூன்று வருடமும் 'அது' எங்கள் அடுப்பில் ஏறவில்லை. 34 வருடத்தில் ஒரு நாளும் அலுவலக டிபன் பாக்ஸிலும் ஏறவில்லை.

மாட்டை நேசிப்பதும் மாட்டுக்கறி உண்பதும் எதிரெதிர் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் மாட்டோடு மல்லுக்கட்டிப் பிழைப்பவர்களிடம் இரண்டும் சேர்ந்தேதான் இருந்தன. இந்த டெக்சாஸ் மக்களிடமும் அப்படியே. கண்காட்சியில் தான் வளர்த்த கன்றை ஏலத்தில் விட்டுவிட்டு, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத ஒரு பள்ளிக்கூடப் பெண்ணைப் பார்த்தேன். மாலையில் அவள் குடும்பம் எங்கே சாப்பிட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

செய்முறை

கேட்பவர்களுக்காகச் செய்முறையும் எழுதிவிடுகிறேன். நான்கு பேருக்கு.

இங்கே கடையில் 'க்யூப் ஸ்டேக்' என்று கேட்டால், பல் வைத்த இயந்திரத்தில் விட்டு நாரை அறுத்த தொடைக்கறித் துண்டுகள் கிடைக்கும். துண்டு ஒன்று 125 கிராம் என்று நான்கு துண்டுகள். நம் ஊரில் என்றால் கடைக்காரரிடம் 'அண்டர்கட்' கேளுங்கள். குறுக்கு வாட்டில் விரல் கனத்துக்கு வெட்டச் சொல்லி, வீட்டில் அம்மிக் குழவியால் அரை சென்டிமீட்டர் கனம் வரும்வரை தட்டுங்கள். முற்றல் தொடைக்கறி இந்த முறைக்கு ஆகாது.

ஒன்றரைக் கப் மைதாவில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள் கலந்துகொள்ளுங்கள். இன்னொரு தட்டில் ஒரு முட்டையும் முக்கால் கப் பாலும் அடித்து வையுங்கள். பாலுக்குப் பதில் மோரும் ஊற்றலாம். கறியின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மாவு, முட்டைப் பால், மறுபடி மாவு என்று புரட்டுங்கள். உள்ளங்கையால் அழுத்திவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே வைத்தால் மாவு பிடித்துக்கொள்ளும், எண்ணெயில் உரியாது.

கனமான இரும்புச் சட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரம் எண்ணெய். சூடு 175 டிகிரி இருக்க வேண்டும். ஒரு சிட்டிகை மாவு போட்டால் உடனே பொரிந்து மேலே வர வேண்டும். பக்கத்துக்கு மூன்று நிமிடம். பொன்னிறமானதும் எடுத்துக் கம்பி வலையில் வையுங்கள். காகிதத்தில் வைத்தால் அடிப்பக்கம் நமுத்துவிடும்.

எண்ணெயை வடித்துவிட்டு மூன்று மேசைக்கரண்டி மட்டும் சட்டியில் விடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பொருக்கை எடுக்க வேண்டாம். கிரேவியின் ருசியே அதுதான். மூன்று மேசைக்கரண்டி மைதா போட்டுப் பச்சை வாசனை போக இரண்டு நிமிடம் வறுத்து, இரண்டு கப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறுங்கள். ஐந்து நிமிடத்தில் தோசை மாவுப் பதம் வரும். உப்பும் தாராளமாக மிளகும் போட்டு இறக்கவும்.

என் மனைவி முதல் முறை சாப்பிட்டுவிட்டு, "கறி நல்லாத்தான் இருக்குங்க. குழம்புலதான் ஒண்ணுமே இல்லையே" என்றாள். இப்போது எங்கள் வீட்டுக் கிரேவியில் மைதாவோடு இரண்டு கீறிய பச்சை மிளகாயும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் எண்ணெயில் விழுகின்றன. மருமகள் இதைத் தன் அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள். டெக்சாஸில் பிறந்து வளர்ந்த சக ஊழியர் ஒருவர் செய்முறை கேட்டிருக்கிறார். எழுதிக் கொடுத்தோம். கறிவேப்பிலை எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் சேர்த்து.

ஓங்கோல் மாடுகள் கடல் தாண்டிப் போன கதை இந்தக் கட்டுரையில் பாதிதான் வந்திருக்கிறது. பிரேசிலில் அவை பெருகிய விதம் தனிக் கதை. அடுத்த மாதம் அதை எழுதலாம் என்றிருக்கிறேன்.